நீர் இறங்கும் மாதத்தில் புறப்படுங்கள்

அத்தியாயம் 6: திண்டிவனம், மரக்காணம், விழுப்புரம்

காட்டு உயிர்களைப் பார்க்க ஒரு விடுமுறை என்றால் பலருக்கு முதுமலையும் வால்பாறையும்தான் நினைவுக்கு வரும். சில மாதங்களுக்கு முன்பே அறை பிடித்து, ஜீப்புக்குப் பணம் கட்டி, யானை வருமா வராதா என்று காத்திருந்துவிட்டு வருவோம். இந்த அத்தியாயம் போகிற ஊருக்கு அந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம். சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் டீ குடிக்க இறங்கி, பத்து நிமிடத்தில் மறுபடி பஸ் ஏறிவிடும் திண்டிவனம்தான் நமக்கு மையம். கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் கடல், மேற்கே 28 கிலோமீட்டரில் செஞ்சிப் பாறைமலை, தெற்கே விழுப்புரம் சந்திப்பு. நடுவில் ஏரிகளும் கழனிகளும். மூன்று நாளில் பூநாரையும் கூழைக்கடாவும் கொம்பன் ஆந்தையும் பாறை ஓணானும் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் கரையேறும் கடலாமையும். இவையெல்லாம் மனிதர் உழுது, வலை வீசி, உப்பு வாரிப் பிழைக்கிற இடங்களிலேயே வாழ்கின்றன. அதனால் பயணத்தைத் திட்டமிடும் முறையும் வேறு.

ஒரே ஒரு பாடத்தை மட்டும் வாசகர் எடுத்துப்போவதானால் அது இதுவாக இருக்கட்டும்: முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், அடுத்து நீர்மட்டத்தை விசாரியுங்கள், விலங்கின் பெயரைக் கடைசியில் யோசியுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வைகாசி மாதத்தில். அக்கா மகள் உண்டியலில் சேர்த்த காசில் பைனாகுலர் வாங்கியிருந்தாள். பள்ளி விடுமுறை முடிவதற்குள் பூநாரை காட்டுகிறேன் என்று அவளை மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சேறு. வெயிலில் வெண்மையாகப் பூத்த உப்பு. தொலைவில் நான்கு மாடுகள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, பறவைங்க எங்க?" என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம்தான் பேசினார். "தண்ணி போச்சுன்னா அதுவும் போயிடும் கண்ணு. தை கடைசில வா. தண்ணி முட்டிக்குக் கீழ எறங்கி நிக்கும். அப்ப வந்து பாரு, எண்ண முடியாது." அடுத்த தை கடைசியில் போனோம். எண்ண முடியவில்லை.

அவர் சொன்னதன் பொருள் எளிது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் ஏரிகளை நிரப்புகிறது. நிரம்பித் ததும்பும் ஏரியில் வாத்துகள் மிதக்கலாம். ஆனால் காலூன்றி நின்று சேற்றைக் கிளறி உண்ணும் பறவைக்கு அங்கே இடமில்லை. மார்கழி முடிந்து நீர் இறங்க இறங்க, கரையோரமாக ஓர் ஈரச்சேற்றுப் பட்டை வெளிப்படும். புழுவும் நத்தையும் சிறு மீனும் ஆழமில்லாத நீரில் நெருங்கிச் சேரும். பறவைகளும் அங்கேதான் சேரும். ஆகவே தை இரண்டாம் பாதியும் மாசியும்தான் இந்த வட்டாரத்துக்குச் சரியான காலம். அதாவது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. வேடந்தாங்கலில் கூடுகள் நிறைந்திருப்பதும், கடற்கரையில் ஆமை முட்டையிடுவதும் இதே வாரங்களில்தான். மூன்றும் ஒன்றுசேரும் நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான்.

நவம்பர் கடைசியையும் டிசம்பர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊரே வெள்ளத்தில் நிற்கும்போது பறவை பார்க்கப் போகிறவர் அங்கிருப்பவர்களுக்குக் கூடுதல் சுமை. மழை வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு மரக்காணம் பக்கம் தெரிந்தவர் யாரையாவது கேட்டு, நீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விழுப்புரத்திலுள்ள மாவட்ட வன அலுவலகத்திலும் கேட்கலாம். மழை பிந்திய வருடத்தில் பயணத்தைப் பத்துநாள் தள்ளிப்போட்டால் பலன் கிடைக்கும்.

பழைய வழிகாட்டி ஒன்று

இந்த நிலத்துக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு வழிகாட்டி நூல் ஏற்கெனவே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைத்தான் சொல்கிறேன். நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்வது அதன் வேலை. நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் தொடங்கி, முல்லை நிலத்து வேலூர், மருத நிலத்து ஆமூர் வழியாகக் கிடங்கிலுக்குப் போகச் சொல்கிறது. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே கிடங்கல் என்ற பெயரில் இருக்கிறது. திண்டிவனம் என்ற பெயரையே புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணி வனத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கடல், காடு, வயல் என்று நிலம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்தபடி நடப்பதுதான் அந்தப் பாணனின் பயணம். நம்முடையதும் அப்படியே இருக்கட்டும்.

தங்குவதும் போய்வருவதும்

தங்க திண்டிவனமே போதும். பேருந்து நிலையத்தைச் சுற்றி எளிய விடுதிகள் உண்டு. சென்னைக் கிளாம்பாக்கத்திலிருந்து தெற்கே போகும் பேருந்துகளில் பெரும்பாலானவை திண்டிவனம் வழியாகவே போகும். ரயில் நிலையமும் உண்டு. மதுரை, திருச்சி, கும்பகோணம் பக்கமிருந்து வருவோருக்கு விழுப்புரம் சந்திப்பு வசதி. அங்கிருந்து திண்டிவனம் ஒரு மணி நேரத்துக்குள்.

மரக்காணத்துக்கும் செஞ்சிக்கும் டவுன் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் அடிக்கடி உண்டு. ஆனால் முதல் பஸ்ஸில் போனாலும் விடியலைத் தவறவிடுவீர்கள். அதனால் கழுவெளிக்குப் போகும் நாளுக்கு மட்டும் ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் முதல் நாள் இரவே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும், ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நிற்போம், ஹாரன் அடிக்கக்கூடாது. இதைச் சொல்லாமல் போனால் அரை மணி நேரத்தில், "அடுத்த ஸ்பாட் போலாமா சார்?" என்று கேட்கத்தான் செய்வார். அவர் பிழையல்ல, சுற்றுலா என்றால் அப்படித்தான் எல்லோரும் அவருக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

கழுவெளி: முதல் காலை

வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுதான். இத்தனை பெரிய ஏரி ஆள் உயரத்துக்குச் சற்று மேல்தான் ஆழம். பெரும்பகுதியில் அவ்வளவுகூட இல்லை.

இந்த ஏரியின் தனித்தன்மை அதன் இரட்டைக் குணம். தெற்கிலும் மேற்கிலும் சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்வதால் அங்கே நன்னீர். கோரையும் தாமரையும் உண்டு. வடகிழக்கில் எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குவதால் அங்கே உப்பு. நடுவில் இரண்டும் கலக்கும். ஒரே ஏரியில் மூன்று வகைத் தண்ணீர், மூன்று வகை இரை, மூன்று வகைக் கூட்டம். நன்னீர்ப் பக்கம் நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும் வாத்துகளும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஐரோப்பாவின் வடபகுதியிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசிய வான்வழியில் பறந்து வருபவை. உவர்ப் பக்கம் கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் ஆலாக்களும் பூநாரைகளும்.

ஏரி தெற்கு வடக்காக நீண்டு கிடப்பதால் வெளிச்சக் கணக்கு எளிது. காலையில் கிழக்குக் கரை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே பிரியும் ஊர்ச்சாலைகளில், வண்டிப்பாளையம் போன்ற கரையோர ஊர்களுக்குப் போனால் நீரை நெருங்கலாம். மாலையில் போவதானால் கழுப்பெரும்பாக்கம் பக்கத்து மேற்குக் கரை. நண்பகலில் கடற்காற்று ஏறி, கானல் நடுங்கத் தொடங்கியதும் பைனாகுலரை உறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்; அந்த நேரத்தில் பூநாரைகூட வெள்ளைப் புகையாகத்தான் தெரியும்.

கரையில் நடக்கும்போது நீர்விளிம்புக்கு நேராகப் போகாதீர்கள். விளிம்பிலிருந்து கணிசமான தூரத்தில், பனைமரத்தடியிலோ வரப்பு ஓரத்திலோ உட்கார்ந்துவிடுங்கள். முதல் கால் மணி நேரம் எல்லாம் விலகிப் போகும். பிறகு உங்களை ஒரு மேடாக ஏற்றுக்கொண்டு தாமாகவே திரும்பி வரும். முதலில் வருவது அநேகமாகப் பவளக்கால் உள்ளான். உடல் ஒரு கைப்பிடி, கால்கள் மட்டும் இரு மடங்கு நீளம், பவளச் சிவப்பு. அது நீரில் அடியெடுத்து வைப்பதைக் கவனியுங்கள். காலை நேராக மேலே தூக்கி, விரல்களைக் கூப்பி, சலனமே இல்லாமல் உள்ளே இறக்கும். ஊர்க்காரர்களுக்கு இவற்றில் பெரும்பாலானவை வெறும் உள்ளான்தான். வகை பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகவே முதல் காலையைச் செலவழிக்க வேண்டாம். என்ன செய்கிறது என்று பாருங்கள். பெயரை மாலையில் அறையில் தேடிக்கொள்ளலாம்.

பூநாரை உண்ணும் விதத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, அலகின் மேல்பாதி கீழே வரும்படி வைத்துக்கொண்டு நடக்கும். நாக்கு உலக்கைபோல் முன்னும் பின்னும் இயங்கி நீரை இழுத்துத் தள்ள, அலகோரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்கள் தங்கிவிடும். அதன் இளஞ்சிவப்பு அந்த இரையிலிருந்து வருவதுதான். கூட்டம் திடீரென்று தலை தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். அல்லது கரையில் யாரோ நாய் ஓட்டி வருவார்கள்.

பூநாரை கூட்டமாக எழும்பிப் பறப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கல் வீசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை ஒன்றில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் போவதற்கான கொழுப்பை அது இந்த வாரங்களில்தான் உடலில் சேர்க்கிறது. வீணாகப் பறந்த ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவு. சரணாலயத்தில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடுவதும் குற்றம். இந்தப் பக்கம் காட்டுப்பறவைக் கறி கிடைக்கும் என்று யாராவது காதோடு சொன்னால் அங்கே சாப்பிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம். நீங்கள் பார்க்க வந்த பறவையே இலையில் கிடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உப்பளமும் கடற்கரையும்

மதியச் சாப்பாட்டை மரக்காணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு மணிவாக்கில் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் கொசு உள்ளான் போன்ற சிறு பறவைகள் வரப்பு விளிம்பில் ஓடி ஓடிக் கொத்தும். உப்பளம் ஒரு தொழிற்கூடம். பாத்திக்குள் கால் வைத்தால் ஒருவருடைய பல நாள் உழைப்பு கலங்கிப்போகும். வேலை செய்பவர்களிடம், "அண்ணே, இந்த வரப்புல நின்னு பாத்துக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் யாரும் மறுத்ததில்லை. பெரும்பாலும் எந்தப் பாத்தியில் பறவை அதிகம் என்றும் அவர்களே சொல்வார்கள்.

இரவுக்குப் பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை சோழமண்டலக் கரை நெடுகிலும் இவை முட்டையிட ஏறுகின்றன. மரக்காணம் கடற்கரையும் அதில் அடக்கம். குஞ்சுகள் வெளிவரும் காலத்தை ஒட்டித்தான் மீனவர்கள் பங்குனி ஆமை என்றார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இதற்கு மட்டும் நீங்களாகக் கிளம்பிப் போகக்கூடாது. ஆமையும் அதன் முட்டையும் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கின்றன. வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, ரோந்து போகிறவர்கள் அழைத்துப் போகச் சம்மதித்தால் மட்டுமே போங்கள். சென்னை வழியாக வருபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 1988இலிருந்து இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரையிலான கரையில் இந்த மாதங்களின் வார இறுதி இரவுகளில் பொதுமக்களை ஆமை நடைக்கு அழைத்துப் போகிறது.

ஓர் ஆமையை நான் பார்த்தது நள்ளிரவு கடந்தபின். முதலில் மணலில் தடம் தெரிந்தது, சிறு டிராக்டர் சக்கரம் ஏறிப்போனதுபோல. இந்த ஆமை இடது வலது துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றி ஏறும். அதனால் தடத்தின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்எதிராக அமையாமல் விலகி விழும். தடத்தின் முடிவில் அது இருந்தது. பின் துடுப்பை அகப்பைபோல் வளைத்து, ஒரு கை மணலை அள்ளி வெளியே வைத்துவிட்டு, மறு துடுப்பால் அடுத்த அள்ளல். திரும்பிப் பார்க்காமலே குடுவை வடிவத்தில் குழி தோண்டியது. சுமார் நூறு முட்டைகள், பிங்பாங் பந்து அளவில், இரண்டு மூன்றாக விழுந்தன. மூடி முடித்ததும் உடலை இடமும் வலமும் ஆட்டி மார்பு ஓட்டால் மணலைத் தட்டியது. அந்தத் தட்டல் ஒலி காலடியில் அதிர்வாகக் கேட்டது. பிறகு கடலுக்குத் திரும்பிவிட்டது. முட்டைகளோடு அதற்கு வேறு உறவு இல்லை.

முட்டை ஏறத்தாழ 45 முதல் 55 நாளில் பொரியும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் அதிகம். வெளிவந்த குஞ்சு, இருட்டில் எது வெளிச்சமான தொடுவானமோ அதுவே கடல் என்று ஓடும். சாலை விளக்கும் விடுதி விளக்கும் அதை எதிர்த்திசைக்கு இழுத்துவிடுவதால்தான் முட்டைகளைப் பொறுக்கிப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். செல்போன் டார்ச்சை அணைத்து வையுங்கள் என்று அவர்கள் சொன்னால் உடனே அணைத்துவிடுங்கள். ஆமை ஏறும்போது அசையாமல் நில்லுங்கள். தோண்டத் தொடங்கும் முன் மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும்.

கரையில் இறந்த ஆமையையும் நீங்கள் பார்க்க நேரலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இழுவலைக்குள் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாவதே பெரும்பாலும் காரணம். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறைக்க வேண்டாம். கேட்டால் சொல்லுங்கள்.

வேடந்தாங்கல்: அரை நாள் போதும்

இரண்டாம் நாள் காலை. திண்டிவனத்திலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேரப் பயணம், மாவட்டம் செங்கல்பட்டு. இடம் மிகவும் அறிமுகமானது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 30 ஹெக்டேர் ஏரி. பறவைகளைச் சுட வருபவர்களிடமிருந்து காக்கும்படி ஊர்மக்கள் கேட்டதும், 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்று உத்தரவு தந்ததும் இந்தியப் பாதுகாப்பு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று. 1936இல் சரணாலயம். 2022இல் ராம்சார். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால் உழவர்களுக்கும் பறவைகளுக்கும் தலைமுறை தலைமுறையாக ஓர் உடன்பாடு. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலைநாளில், கதவு திறக்கும் ஆறு மணிக்கே போய்க் கரையின் ஒரு முனையில் நின்றுகொள்ளுங்கள். நீரில் நிற்கும் நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரையின் கூட்டைத் தேடிப் பாருங்கள். பெரிய பறவையின் அலகு நடுவில் சேராமல் ஒரு சந்து விட்டிருக்கும். குஞ்சின் அலகில் அந்தச் சந்து இருக்காது. வளர வளரத்தான் உருவாகும். வழவழப்பான நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமலே சதையை உருவி எடுக்க அந்த அலகு உதவுகிறது. நேரம் இருந்தால் அருகிலுள்ள கரிக்கிலிக்கும் ஒரு நடை. அங்கே கூட்டம் குறைவு, வாத்துகள் அதிகம்.

செஞ்சி

மாலைக்குச் செஞ்சி வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை 2025 ஜூலையில் மராத்திய இராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து வருகை கூடியிருக்கிறது. எல்லோரும் ராஜகிரி உச்சிக்கு மூச்சிரைக்க ஏறுவார்கள். நீங்கள் அடிவாரத்திலேயே நில்லுங்கள். உருண்டைப் பாறைகளும் முட்புதரும் அத்தி மரங்களும் கலந்த அந்த அடிவாரம்தான் உயிர்கள் குடியிருக்கும் இடம்.

மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடித்தான் பறவை நோக்குவோர் இங்கே வருகிறார்கள். தென்னிந்தியப் பாறைக்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. எண்ணிக்கை குறைந்துவருவதால் அழியும் ஆபத்துள்ளவற்றின் வரிசையில் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக் கொண்டைக்குருவியின் உறவுதான், ஆனால் வெட்கம் அதிகம். அத்தி பழுத்திருக்கும் மரத்தைக் கண்டுபிடித்து அதற்கெதிரே உட்கார்ந்திருப்பதே சிறந்த வழி. பதிவுசெய்த குரலை செல்போனில் ஒலிக்கவிட்டு அழைப்பது சிலருக்குப் பழக்கம். கூட்டை விட்டுவிட்டு எதிரி வந்ததாக எண்ணிச் சண்டைக்கு வரும் பறவையைப் பார்த்து என்ன பயன்? செய்யாதீர்கள்.

பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை பகலில் கண்மூடி இருக்கும். பாறையோடு பாறையாக ஒன்றிப்போவதால், கீழே கிடக்கும் எச்சத்தின் வெள்ளைக் கோடுதான் துப்பு. வெயில் ஏறியதும் பாறை ஓணான் வெளியே வரும். வெப்பக் காலத்து இனப்பெருக்கப் பருவத்தில் ஆணின் முதுகு செங்காவி நிறமாகவும் பக்கவாட்டு கருப்பாகவும் மாறிவிடும். பங்குனி தாண்டி வருபவர்களுக்கு இந்த வட்டாரம் தரும் ஆறுதல் அது.

குரங்குகளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். பையில் உணவு வெளியே தெரியக்கூடாது. ஒருமுறை பிஸ்கட் ருசி கண்ட நாட்டுக்குரங்கு அடுத்த குழந்தையின் கையைப் பிறாண்டும். அந்தக் குடும்பத்துக்கு அன்று ஊசி போடுவதிலேயே பொழுது போய்விடும்.

கோயில் காடும் கல்மரமும்

செஞ்சியிலிருந்து திரும்பி, மதியத்துக்குப்பின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனாரப்பன் கோயிலுக்குப் போங்கள். கோயிலைச் சுற்றி நிற்பது கடற்கரை ஓரத்து உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காயா, பாலை என்று குட்டையான, இலை தடித்த மரங்கள். ஒரு காலத்தில் இந்தக் கரையெங்கும் இருந்த காட்டில் இன்று துண்டு துண்டாக எஞ்சியிருப்பதை ஐயனார்தான் காத்துக் கொடுத்திருக்கிறார். வேண்டுதல் காட்டில் மரம் வெட்ட யாருக்கும் கை வராது.

இங்கே மாலை ஐந்தரைக்கு மேல் சருகின் மேல் உட்கார்ந்திருங்கள். ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கும். அதுதான் ஆறுமணிக்குருவி. வடக்கே கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும். தரையில் சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடும். பச்சை, நீலம், மஞ்சள், அடிவயிற்றில் சிவப்பு என்று இத்தனை நிறம் கொண்ட பறவை சருகில் எப்படி மறைகிறது என்று வியப்பாகவே இருக்கும். பக்கத்து ஆரோவில்லில், 1968க்குப்பின் மண்ணரித்துக் கிடந்த செம்மண் மேட்டில் இதே காட்டு மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். மரநாயும் முள்ளம்பன்றியும் திரும்பியிருக்கின்றன. உள்ளே நடக்க அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

செஞ்சியிலிருந்து வரும் வழியில் திருவக்கரை கல்மரப் பூங்காவில் அரை மணி நேரம் இறங்கலாம். சுமார் இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781இல் இவற்றைப் பற்றி எழுதிய பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெராவின் பெயர்தான் நம் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரிலும் இருக்கிறது.

பாம்பு பற்றி

வயலும் ஏரிக்கரையும் நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை ஆகிய நான்கின் இடமும்கூட. பயப்பட வேண்டியதில்லை, கவனம் வேண்டும். கணுக்காலை மூடும் ஷூ, இருட்டில் டார்ச், கால் வைக்கும் இடத்தில் கண். கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாம்பு தெரிந்த மனிதர்களைப் பார்க்க ஆசையிருந்தால், சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் வரும்போது வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இறங்குங்கள். 1978இல் தொடங்கியது. அங்கே அவர்கள் எடுக்கும் நஞ்சுதான் விஷமுறிவு மருந்தாகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றது இந்த அறிவுக்காகத்தான்.

பையில் என்ன

எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று போதும். தொப்பி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஏனென்றால் கழுவெளிக் கரையில் கடை கிடையாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கி, பச்சை, மண் நிறம் எதுவானாலும் சரி. ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில். குழந்தைகளிடம் பட்டியல் போடச் சொல்லாதீர்கள். ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து பத்து நிமிடம் அது என்ன செய்தது என்று எழுதச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறையில்தான் வர முடியும் என்பவர்களுக்கு ஓர் இணைப்பு உண்டு. 2015இலிருந்து தமிழகமெங்கும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், நீங்கள் நின்ற ஏரியின் எண்ணிக்கையையும் இபேர்டு இணையதளத்தில் சேர்க்கலாம்.

ஊருக்குத் திரும்பும் நாளில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால், திண்டிவனத்திலேயே கிடங்கல் ஏரிக்கரைக்கு ஒரு ஆட்டோ பிடியுங்கள். பெரிதாக எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு நீர்க்காகம் இறக்கை விரித்து வெயில் காயும், மீன்கொத்தி கம்பியில் இருக்கும், துணி துவைப்பவர்கள் இருப்பார்கள். கரையில் நிலையாக இருக்கும் ஒரு கல்லையோ படியையோ பார்த்து, தண்ணீர் அதில் எதுவரை நிற்கிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் தை கடைசியில் வந்து இறங்கியதும் முதலில் அந்தப் படியைப் பாருங்கள். நீர் அதற்கு மேல் நின்றால் செஞ்சியில் தொடங்குங்கள். கீழே நின்றால் அப்படியே மரக்காணத்துக்கு வண்டி பேசுங்கள்.